டிஎஸ்எல்ஆர் கைக்கு வந்துவிட்டது, வீட்டுக்குள் எடுத்தால் எல்லாமே கலங்கி வருகிறது. காதுகுத்துக்கு முன் கற்றுக்கொள்ள முடியுமா?

எழுதியவர்: காவேரிப்பட்டணத்தான்

வணக்கம். கேமரா விஷயத்தில் நான் முழுக்கப் புதியவன், கேள்வி கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டார். தன்னிடம் இருந்த நிகான் டி3500, அதோடு வந்த 18-55 லென்ஸ், பை, சார்ஜர் எல்லாவற்றையும் போன மாதம் ஊருக்கு வந்தபோது என் கையில் கொடுத்து, "பாப்பாவ நல்லா எடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், அதனால் அன்றைக்கு மச்சானால் கேமரா பிடிக்க முடியாது, நான்தான் எடுக்க வேண்டும். ஸ்டுடியோக்காரரையும் சொல்லியிருக்கிறோம், ஆனாலும் வீட்டுப் படங்களை நானே எடுக்க வேண்டும் என்று ஆசை.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். ஆட்டோவில் வைத்து எடுத்தால் ஃப்ளாஷ் தானாக எழும்பி அடிக்கிறது, முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பின்சுவர் கறுப்பாகிவிடுகிறது, பாப்பா கண்ணை மூடிக்கொள்கிறாள். ஃப்ளாஷை நிறுத்தினால் படம் கலங்கல். இன்னொன்று, கண்ணை வைத்துப் பார்க்கும் அந்த ஓட்டைக்குள்ளேயே எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. என் போனில் இதைவிடத் தெளிவாக வருகிறது. தெரிந்த ஒருவர், "அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுட்டு 50எம்எம் வாங்கு" என்கிறார். பத்தாயிரத்துக்குள் என்றால் வாங்கலாம், ஆனால் வாங்கியும் இதே மாதிரி வந்தால்?

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், அம்மா 2019இல் தவறிவிட்டார். படம் மாட்டத் தேடினோம். அவர் தனியாக இருக்கும் படம் என்று ஆதாருக்கு எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. இப்போது சுவரில் இருப்பது ஒரு கல்யாணக் கும்பலில் இருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அம்மாவின் இடது தோளில் யாருடைய கையோ இருக்கும், வளையலோடு. அப்பாவுக்கு இப்போது 78. அவரையும் அப்படி விட்டுவிடக் கூடாது.

எழுதியவர்: ஓசூர் ரோஜாத்தோட்டம்

முதலில் அந்த மங்கல் விஷயம், அதற்கு ஒரு நிமிடம் போதும். நீங்கள் சொல்லும் அந்த ஓட்டைக்கு வ்யூஃபைண்டர் என்று பெயர், அதற்குப் பக்கத்தில், வலப்புறமாக, சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரத்துக்குப் பெயர் டையாப்டர். உங்கள் மச்சான் தன் கண்ணுக்குத் தகுந்த மாதிரி அதைத் திருப்பி வைத்திருப்பார். உள்ளே கீழே எண்கள் ஓடுகின்றன அல்லவா, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திவிட்டு அந்த எண்களை மட்டும் பாருங்கள், எதிரில் இருக்கும் காட்சியைப் பார்க்காதீர்கள். எண்கள் கூர்மையாகத் தெரியும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு செய்யுங்கள். இதற்கும் படம் கலங்குவதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதைச் சரிசெய்யாமல் எடுத்தால் ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று உங்களுக்கே தெரியாது.

படம் கலங்குவது ஏன் என்றால், வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. 1/15 நொடி, 1/20 நொடி என்று போய்விடும். அந்த நேரத்துக்குள் மூன்று வயதுக் குழந்தை தலையைத் திருப்பி முடித்துவிடும். லென்ஸில் விஆர் இருக்கிறதே என்பார்கள், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பாப்பா ஓடுவதை நிறுத்தாது. போன் நன்றாக வருவதற்குக் காரணம், அது கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, உள்ளேயே திருத்தித் தருகிறது. டி3500 அப்படிச் செய்யாது, ஒரே ஒரு படம்தான் எடுக்கும், அதற்கு என்ன வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போன் பக்கத்திலேயே வர முடியாது, அதன் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, போனில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது.

எப்படிச் சொல்வது? மேலே இருக்கும் டயலை ஆட்டோவில் இருந்து எஸ் மோடுக்குத் திருப்புங்கள். ஷட்டர் வேகத்தை நீங்கள் வைப்பீர்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். மெனுவில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டலாம் என்ற அளவு, அந்தப் பகுதிக்குப் போய் ஆட்டோ ஐஎஸ்ஓவை ஆன் செய்து, உச்ச அளவை 6400 என்று வையுங்கள். 6400இல் கொஞ்சம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும், பயப்பட வேண்டாம், மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டால் அது கண்ணுக்கே தெரியாது. கலங்கிய படத்தை யாராலும் திருத்த முடியாது, புள்ளி இருக்கும் படத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பாப்பா உட்கார்ந்து விளையாடினால் 1/125, நடந்தால் 1/250, ஓடினால் 1/500. அப்பா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் 1/100 போதும்.

இரவில் டியூப் லைட்டில் மட்டும் ஒரு விஷயம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே 1/250 வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும், ஒன்று இருட்டாகவும் வரும், கேமரா கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். 1/100 அல்லது 1/50 வைத்தால் சரியாகிவிடும். அப்புறம் இரவில் ஜூம் செய்யாதீர்கள். உங்கள் லென்ஸ் 18இல் எஃப் 3.5, 55இல் எஃப் 5.6. எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சின்னதாகிறது என்று அர்த்தம். ஜூமை முழுக்க இழுத்தால் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதற்காக 18லேயே வைத்து முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், 24 முதல் 35க்குள் வைத்துக்கொண்டு நீங்கள் நடந்து கிட்டே போங்கள்.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. கேமரா வரும்போது எல்லாப் புள்ளிகளையும் தானே தேர்ந்தெடுக்கும்படி இருக்கும், அது பெரும்பாலும் கிட்டே இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும். பாப்பா கையில் பொம்மையை நீட்டினால் பொம்மை தெளிவு, முகம் மங்கல். ஐ (i) என்று போட்ட பட்டனை அழுத்தி, ஃபோகஸை சிங்கிள் பாயிண்ட் என்று மாற்றி, நடுப்புள்ளியைக் கண்ணின் மேல் வைத்து எடுங்கள். ஓடும் குழந்தைக்கு ஏஎஃப்-சி, அதாவது ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் முறை.

லென்ஸ் இப்போது வாங்காதீர்கள். இரண்டு வாரம் இதை மட்டும் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

எழுதியவர்: அரூர் பழைய ஸ்டுடியோ

தம்பி, மேலே எழுதியவர் கேமராவைச் சொல்லிவிட்டார், நான் வெளிச்சத்தைச் சொல்கிறேன். ஃபிலிம் ரோல் காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். ஒரு ரோலுக்கு 36 படம், ஒரு காதுகுத்துக்கு இரண்டு ரோல்தான் கட்டுப்படியாகும், அதனால் எங்கே நின்றால் படம் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் கேமராவை எடுப்போம்.

உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்கே இருந்ததில்லை. மேலே ஓடு வெயிலை மறைக்கிறது, முன்னால் வாசல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, தரையில் பட்ட வெயில் கீழிருந்து மெதுவாக முகத்துக்கு வருகிறது. காலையில் ஒன்பது மணி வாக்கில் அப்பாவைத் திண்ணையில் தூணுக்குப் பக்கமாக உட்கார வையுங்கள், வாசலை நேருக்கு நேர் பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரட்டும். வாசல் பக்கக் கன்னம் வெளிச்சமாகவும் மறுகன்னம் கொஞ்சம் நிழலாகவும் இருக்கும். வயதானவர் முகத்தில் இருக்கும் கோடுகள் அப்போதுதான் அழகாக எழும்பும். நிழல் அதிகமாகத் தெரிந்தால், வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கும் இல்லையா, நாலாக மடித்து நிழல் பக்கமாக ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், படத்துக்குள் வராமல். அந்தக் கன்னம் தெளிவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நாங்கள் கடைசி வரை இதற்குக் காசு கொடுத்து ஒன்றும் வாங்கவில்லை.

வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் என்று படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணி எல்லாவற்றையும் மட்டாக்கிவிடும், அப்பா முகம் கறுத்துப் போகும். நம் ஆட்களின் நிறத்துக்கு இது பெரிய தொல்லை. ஷட்டர் பட்டன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்ட பட்டன் ஒன்று இருக்கும், அதை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி +0.7 வையுங்கள். பின்னால் இருட்டான உள்வீடு நிறையத் தெரிந்தால் மாற்றி -0.7.

ஓட்டு வீட்டில் வெளி ஃப்ளாஷ் வாங்கிக் கூரையைப் பார்த்து அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கான்கிரீட் கூரைக்கு, அதுவும் வெள்ளை அடித்திருந்தால், அது அருமையான வழி. ஓட்டுக்கு வேண்டாம். பாதி வெளிச்சம் மேலேயே தங்கிவிடும், மீதி செம்மண் நிறத்தில் இறங்கும்.

இனி காதுகுத்து. மொட்டை போட்டதும் தலையில் சந்தனம் பூசுவார்கள், அப்போது நேர் வெயிலில் எடுத்தால் தலை மட்டும் பளீரென்று தெரியும், முகம் தெரியாது. நிழலுக்குக் கூட்டிப் போங்கள். நிழல் என்றதும் புளியமரத்தடிக்குப் போகிறோம், அங்கே இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் வட்ட வட்டமாக விழுந்திருக்கும், எடுக்கும்போது தெரியாது, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். அடர்ந்த நிழலாகத் தேடுங்கள், இல்லையென்றால் கட்டடத்தின் நிழல்.

சாமியானா போடுவீர்கள் என்றால் இன்றைக்கே சொல்லி வையுங்கள், வெள்ளைத் துணி. இதை மட்டும் மறக்காதீர்கள். ரோஸ் துணி கட்டினால் எல்லார் முகமும் ரோஸ், நீலம் கட்டினால் எல்லாரும் குளிர் காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். பக்கத்தில் இருந்து வெள்ளை வெயிலும் மேலே இருந்து நீலமும் கலந்து விழுந்தால் கம்ப்யூட்டரில் கூட முழுசாகச் சரிசெய்ய முடியாது.

குத்தும் நேரம் மிகச் சின்னது. ஆசாரி ஊசி எடுத்தது தெரியும், முடிந்தது தெரியும். முன்கூட்டியே மாமன் எந்தத் திசை பார்த்து உட்காருவார் என்று கேட்டுத் திறந்த வெளிப்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள், நீங்கள் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி குத்தவைத்து உட்காருங்கள். நின்றால் சொந்தக்காரர்கள் முதுகுதான் கிடைக்கும். தொடர்ச்சியாக எடுக்கும் வசதியைப் போட்டு, ஆசாரி கை காதருகே போனதும் அழுத்திப் பிடியுங்கள். குழந்தை அழுவதை எல்லாரும் எடுப்பார்கள், அந்த நேரம் மாமன் முகத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், குழந்தை துள்ளினால் ஊசி நழுவும்.

எழுதியவர்: பென்னாகரம் டீச்சர்

50எம்எம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதை வாங்கித் திரும்ப விற்றவள். இந்தக் கேமராக்களின் சென்சார் பழைய ஃபிலிமைவிடச் சிறிது, 50 போட்டால் பழைய ஃபிலிம் கேமராவில் 75 போட்டது போலக் குறுகித் தெரியும். எங்கள் வீட்டு அறை பத்துக்குப் பத்து. சுவரில் முதுகு ஒட்டி நின்றாலும் பையனின் இடுப்புக்கு மேல்தான் வந்தது, தங்கையோடு சேர்த்து எடுக்கவே முடியவில்லை. வெளியில், தோட்டத்தில், ஒரு ஆள் முகம் எடுக்க அது நன்றாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் குடும்பம் எடுக்க 35எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் ஜி தான் வசதி. உங்கள் லென்ஸ் 55இல் தரும் வெளிச்சத்தைவிட எஃப் 1.8இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு உள்ளே வரும், இரவு டியூப் லைட்டிலும் எடுக்கலாம். ஆனால் 1.8இல் ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு காது மங்கிவிடும், இரண்டு பேர் இருந்தால் 2.8, நாலு பேர் என்றால் 4.

பழையது வாங்கினால் ஒரு எழுத்தைப் பாருங்கள். நிகானில் 50எம்எம் எஃப் 1.8 டி என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த டி லென்ஸ் போட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் வேலை செய்யும். எனக்கு விற்றவர் இதைச் சொல்லவே இல்லை, ஒரு வாரம் கேமரா பழுது என்று அலைந்தேன். வாங்கும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக இழை தெரிந்தால் பூஞ்சை, தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒகேனக்கல் போனால் ஜாக்கிரதை. பரிசலில் அருவிக்குக் கிட்டே போகும்போது சாரல் காற்றோடு வரும், இந்த லென்ஸுக்கும் பாடிக்கும் தண்ணீர் தாங்கும் சக்தி இல்லை. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, லென்ஸ் முனைக்கு மட்டும் ஓட்டை விட்டு ரப்பர் பேண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு, நீங்களே எப்போதும் எடுப்பவராக இருந்துவிடாதீர்கள். என் பிள்ளைகளோடு நான் இருக்கும் படம் ஐந்து வருடத்தில் ஏழுதான் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். உங்கள் மனைவிக்கும் கேமராவைக் கற்றுக்கொடுங்கள்.

எழுதியவர்: பர்கூர் மலையடிவாரம்

எல்லோரும் எடுப்பதைச் சொல்லிவிட்டார்கள், வைப்பதைச் சொல்கிறேன். எங்கள் முதல் பையன் பிறந்ததில் இருந்து இரண்டு வயது வரை எடுத்ததெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். கட்டிலில் இருந்து ஒரு முறை கீழே விழுந்தது, அவ்வளவுதான். ஒரு கடையில் மீட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு ஒரு மாதம் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அவன் முதல் பிறந்தநாளுக்கு என்னிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய நாலு படம், அதுவும் சுருங்கிப் போனது.

அதனால் எடுத்த அன்றைக்கே இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று மச்சான் வீட்டில் என்றால்கூடச் சரி. டி3500இல் வைஃபை கிடையாது, ப்ளூடூத்தில் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப் வழியாகத் தானாக வரும் படம் 2 மெகாபிக்சல்தான். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அது போதும், அது வந்துவிட்டது என்று கார்டை அழித்துவிடாதீர்கள். 24 மெகாபிக்சல் ஒரிஜினல் கார்டில்தான் இருக்கும்.

கிரானைட் குவாரிப் பக்கம் இருப்பவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், லென்ஸில் தூசி பட்டால் சட்டையால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகுதான் துணி. கல் தூசி கண்ணாடியைக் கீறிவிடும்.

எழுதியவர்: காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் நன்றி, பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பியதும் எண்கள் பளிச்சென்று வந்தன, அதற்கே ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன். எஸ் மோடில் 1/250 வைத்துப் பாப்பாவை வாசலில் எடுத்தேன். தோப்பில் இருந்து வந்த செந்தூரா மாம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள், சாறு முழங்கை வரை வழிந்து சொட்டும் இடத்தில் ஒரு துளி அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. இப்படிக்கூட எடுக்க முடியுமா என்று பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் எடுத்ததில் பாதிக்கு மேல் பழத்தில்தான் ஃபோகஸ் விழுந்தது, சிங்கிள் பாயிண்ட் மாற்றிய பிறகு சரியானது.

அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். முதலில் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, ஆதாருக்கு உட்காருவது போல விறைப்பாக உட்கார்ந்தார். நாலு படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். மனைவி வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "என்னம்மா, காயப்போட இடம் இல்லையா" என்று கேட்டார், அப்போது எடுத்ததுதான் படம். +0.7 வைத்திருந்தேன். முகத்தில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது, கண்ணுக்குள் வாசல் தெரிகிறது.

அதைப் பெரிய சைஸில் பிரிண்ட் போடக் கொடுத்தபோது, அம்மா படத்தையும் கொடுத்து அந்தக் கையை எடுத்துவிட முடியுமா என்று கடையில் கேட்டேன், முடியும் என்றார்கள். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அது உங்க பெரியம்மா கை, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இத்தனை வருடம் அது யார் கை என்று நான் கேட்டதே இல்லை.

சாமியானாவுக்கு வெள்ளைத் துணி சொல்லியாச்சு. 64 ஜிபி கார்டு இரண்டு வாங்கிவிட்டேன். லென்ஸ் காதுகுத்து முடிந்த பிறகுதான், 35 என்று முடிவு செய்திருக்கிறேன். பேட்டரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அன்றைக்கு முழுக்கத் தாங்குமா?

எழுதியவர்: ஓசூர் ரோஜாத்தோட்டம்

நல்ல பேட்டரி என்றால் டி3500க்கு ஒரு சார்ஜில் ஆயிரம் படத்துக்கு மேல் வரும், தாராளமாகத் தாங்கும். பழைய பேட்டரி என்பதால் இந்த வாரமே ஒரு முறை முழுசாக ஏற்றி எத்தனை படம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். எடுத்ததை எல்லோருக்கும் திரையில் காட்டிக்கொண்டே இருந்தால்தான் சீக்கிரம் இறங்கும். முந்தின ராத்திரி சார்ஜ் போட்டு, பேட்டரியைக் கேமராவுக்குள் போட்ட பிறகு தூங்குங்கள், சார்ஜரிலேயே மறந்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர்கள் நிறைய பேர்.